கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு வலை: வாங்குவது முதல் கழற்றுவது வரை

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்று கண்ணில் படும். அந்தப் பச்சை வலை தூசியும் சில்லும் சாலைக்கு வராமல் தடுப்பதற்கானது. ஆளைத் தாங்காது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒன்பதாவது மாடி ஸ்லாப் விளிம்பில் கம்பி கட்டும் இளைஞர் ஒருவர் அந்தப் பச்சை வலையில் முதுகைச் சாய்த்துக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "வலைதான் கட்டியிருக்கிறதே சார்" என்றார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வலையில் குத்திக் காட்டினேன். வெயிலில் காய்ந்து போன இழைகள் சத்தமே இல்லாமல் பிரிந்து, பேனா மூடி வரை உள்ளே போனது. அவர் முகம் வெளுத்ததை இன்றும் மறக்கவில்லை.

விழுகிற ஆளைக் காப்பாற்றுவது வலை மட்டுமல்ல. வலை, அதைக் கட்டியிருக்கும் கட்டு, அதன் அடியில் விட்டிருக்கும் வெற்றிடம் மூன்றும் சேர்ந்துதான் காப்பாற்றுகின்றன. தளங்களில் வலைக்குப் பணம் செலவழிக்கிறார்கள். கட்டுக்குக் கட்டுக்கம்பியைக் கொடுக்கிறார்கள். அடியில் சென்ட்ரிங் பலகைகளை அடுக்கி வைக்கிறார்கள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த இரண்டையும் பற்றியதாகவே இருக்கும்.

முதல் படி: வலை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

விழ வாய்ப்பே இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்லாப் விளிம்பில் இடுப்பளவுக்குக் கைப்பிடிக் கம்பியும் நடுக்கம்பியும் கால்பலகையும் போட முடிந்தால் அதைப் போடுங்கள். தரையில் இருக்கும் திறப்பை நகராத பலகையால் மூட முடிந்தால் மூடுங்கள். வேலை நடக்கும் விளிம்பிலேயே தடுப்பு வைக்க முடியாத இடங்களில்தான் வலைக்கு வேலை. ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு) அடிக்கும் விளிம்பு, இரும்புச் சட்டம் ஏற்றும் இடம், தொழிற்சாலைக் கொட்டகையின் கூரையில் ஷீட் போடும் இடம், பாலத்தின் அடிப்பகுதி ஆகியவை அப்படிப்பட்டவை.

ஹார்னஸ் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) இருக்கும்போது வலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹார்னஸ் வேலை செய்ய, தொழிலாளி ஒவ்வொரு முறையும் கொக்கியை மாட்ட வேண்டும். நாளொன்றுக்கு நூறு முறை இடம் மாறுகிறவர், மதிய வெயிலில் ஒரு முறை மாட்டாமல் விடுவார். வலைக்கு யாருடைய நினைவாற்றலும் தேவையில்லை. மேலே பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் அது விரிந்தே கிடக்கும். ஆனாலும் வலை கட்டிவிட்டோம் என்பதற்காக ஹார்னஸைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஹார்னஸ் கொக்கியை மாட்டும் லைஃப்லைன் இருக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

இரண்டாம் படி: எந்த இடத்துக்கு எந்த வலை

ஐரோப்பியத் தரமான இ.என். 1263 வலை அமைப்புகளை நான்காகப் பிரிக்கிறது. நம் தளங்களுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஓரக் கயிற்றோடு கிடைமட்டமாக விரிக்கும் வலை. கொட்டகைக் கூரைகளுக்கும் பாலங்களுக்கும் இதுதான். இன்னொன்று, கட்டடத்தின் வெளி விளிம்பிலிருந்து இரும்புக் கைகள் நீட்டி அவற்றின்மேல் விரிப்பது. அடுக்குமாடிக் கட்டடங்களைச் சுற்றி இதைத்தான் பார்க்கிறோம். மற்ற இரண்டில் ஒன்று கைப்பிடித் தடுப்பில் செங்குத்தாகக் கட்டுவது. அடுத்தது தூக்குமரம் போன்ற சட்டத்திலிருந்து தொங்கவிடுவது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக் கொட்டகைகளில் ஷீட் போடுபவர்களுக்குக் கிடைமட்ட வலையே உயிர். அங்கே ஆபத்து கூரையின் ஓரத்தில் மட்டும் இல்லை. வெளிச்சத்துக்காகப் போடும் ஒளிபுகும் ஷீட்டின்மேல் கால் வைத்தால் அது உடைந்து ஆள் நேராகக் கீழே போவார். தூசி படிந்துவிட்டால் எது தகரம், எது ஒளிபுகும் ஷீட் என்று மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் வலை கூரையின் முழுப் பரப்புக்கும் அடியில், ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் கட்டிவிட்டு நடுவை விட்டால் பயனில்லை.

லிஃப்ட் குழிக்கு வலையை நான் பரிந்துரைப்பதில்லை. கிடைமட்ட வலை குறைந்தது 35 சதுர மீட்டர் பரப்பும், குறுகிய பக்கம் 5 மீட்டரும் இருக்க வேண்டும் என்கிறது அந்த ஐரோப்பியத் தரம். விரிவதற்கு இடம் இருந்தால்தான் வலை மெதுவாக ஏந்தும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழியில் கட்டும் வலை கட்டிலில் கட்டிய நாடா மாதிரி இறுகி நிற்கும். விழுகிற ஆள் அதில் அடிபடுவார். லிஃப்ட் குழியை ஒவ்வொரு மாடியிலும் கெட்டியான தளம் போட்டு மூடுங்கள். வாசலில் பூட்டக்கூடிய கதவு வையுங்கள். அப்படியும் வலைதான் என்றால், அது விழும் பொருளுக்கான இரண்டாவது தடுப்பாக மட்டும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பால்கனியில் புறா வலை கட்டித் தருபவர்களே கட்டுமான வலையும் விற்கிறார்கள். தொலைபேசியில் கேட்டால் சதுர அடிக்கு விலை சொல்வார்கள். விலைக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது சோதனைச் சான்றிதழ். இந்தியத் தரக் கழகம் தொழிற்சாலைப் பாதுகாப்பு வலைகளுக்காக ஐ.எஸ். 11057 என்ற தரத்தை 1984-இல் வெளியிட்டிருக்கிறது. வலை அந்தத் தரத்துக்கோ, இ.என். 1263-க்கோ சோதிக்கப்பட்டது என்பதற்கான தாள் வேண்டும். அந்தத் தாளில் இருக்கும் எண்ணும் வலையில் தைத்திருக்கும் அடையாளத் துணியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் இதை வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்ப்பேன். எண் பொருந்தாத வலை அதே வண்டியில் திரும்பிப் போகும்.

வலைக்கண் அளவு அடுத்தது. ஐரோப்பியத் தரத்தில் 60 மில்லிமீட்டர் அல்லது 100 மில்லிமீட்டர் கண். அமெரிக்காவின் கட்டுமானப் பாதுகாப்பு விதி எந்தப் பக்கமும் 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பெரிய கண் வலை ஆளைப் பிடிக்கும். கையிலிருந்து நழுவும் சுத்தியலைப் பிடிக்காது. அதனால்தான் நம் தளங்களில் பெரிய கண் வலையின் மேல் மீன் வலை மாதிரியான சிறிய கண் வலையைச் சேர்த்து இரட்டை அடுக்காகப் போடுகிறோம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, கடை அனுப்பிய கட்டைப் பிரித்துச் சிறிய கண் வலையை மட்டும் ஓரிடத்திலும் பெரியதை வேறிடத்திலும் கட்டுவது. சிறிய கண் வலை தனியாக ஆளைத் தாங்காது.

ஓரக் கயிறு ஒவ்வொரு ஓரக் கண்ணிலும் புகுந்து வர வேண்டும். சில மலிவு வலைகளில் கயிற்றை வலையின்மேல் வைத்து அங்கங்கே நூலால் கட்டியிருப்பார்கள். கையால் இழுத்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, வலையோடு சேர்த்து அதே நூலில் பின்னிய சிறிய சோதனைத் துண்டுகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். வலையோடு அவையும் வெயிலில் காயும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் வலையின் மிச்ச பலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வலையை வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. இதைத் தெரியாமல் "தொங்கும் பிசிறு" என்று நினைத்து அறுத்து எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: உயரம், அகலம், அடியில் இடம்

இந்தப் படியில் சமரசம் செய்தால் மற்ற எல்லாம் வீண்.

இரண்டு மீட்டர் விழும் ஆள் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் வலையைத் தொடுவார். ஆறு மீட்டர் என்றால் 39 கிலோமீட்டர். இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எனவே வலை வேலை நடக்கும் மட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. ஐரோப்பிய முறையில் அதிகபட்சம் 6 மீட்டர். வலையின் ஓரத்திலிருந்து 2 மீட்டருக்குள் விழக்கூடிய இடத்தில் 3 மீட்டர்தான். ஓரத்தில் வலை நடுவைப்போல நெகிழாது என்பதே காரணம். அமெரிக்க விதி 30 அடி, அதாவது 9.1 மீட்டர் வரை அனுமதிக்கிறது. நான் ஆறு மீட்டரைத்தான் எல்லையாக வைக்கிறேன்.

மாடி உயரம் 3 மீட்டர் என்று வைத்தால் ஆறு மீட்டர் என்பது இரண்டு மாடி. இப்போது உங்கள் தளத்தை நிமிர்ந்து பாருங்கள். ஐந்தாவது மாடியில் வலை நீட்டிக்கொண்டு நிற்கும். ஷட்டரிங் பதினான்காவது மாடியில் நடந்துகொண்டிருக்கும். ஒன்பது மாடி, 27 மீட்டர். அங்கிருந்து விழுகிறவர் வலைக்கு வரும்போது மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பார். அந்த வலை கீழே நடப்பவர்கள் தலையில் கல் விழாமல் தடுக்கும். அது நல்லதுதான், கழற்ற வேண்டாம். ஆனால் அதைக் காட்டி "ஆள் விழாமல் வலை கட்டியிருக்கிறோம்" என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். ஆளுக்கான வலை ஸ்லாப்போடு சேர்ந்து மேலே ஏற வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். விளிம்பிலிருந்து விழுகிறவர் நேர்க்கோட்டில் கீழே வருவதில்லை. நடந்துகொண்டே வந்தவர், தள்ளுவண்டியைத் தள்ளி வந்தவர், கம்பியை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் எல்லோரும் வெளிப்பக்கம் தள்ளிப் போய்த்தான் விழுவார்கள். அமெரிக்க விதிப்படி வலை 5 அடிக்குள் கீழே இருந்தால் விளிம்பிலிருந்து 8 அடி வெளியே நீள வேண்டும். 5 முதல் 10 அடி என்றால் 10 அடி. 10 அடிக்கு மேல் என்றால் 13 அடி. ஐரோப்பிய முறையில் ஒரு மீட்டர் விழுச்சிக்கு 2 மீட்டர், மூன்று மீட்டருக்கு இரண்டரை, ஆறு மீட்டருக்கு 3 மீட்டர் அகலம். நம் தளங்களில் 3 மீட்டர் கை நீட்டுவது வழக்கம் என்பதால், அதோடு வலையை ஒரு மாடிக்குள்ளேயே வைத்துக்கொள்வது எனக்கு நிம்மதி தருகிறது.

மூன்றாவது, அடியில் இடம். வலை நெகிழ்ந்துதான் ஆளை நிறுத்தும். எவ்வளவு தாழும் என்பது வலையின் குறுகிய பக்க அகலத்தையும் விழுகிற உயரத்தையும் பொறுத்தது. தயாரிப்பாளர் அதற்கான வரைபடத்தைத் தருவார், கேட்டு வாங்குங்கள். அந்தத் தாழ்வுக்குள் எதுவும் இருக்கக் கூடாது. சாரக் குழாய், ஜாக்கி, நிமிர்ந்து நிற்கும் தூண் கம்பி, நிறுத்தி வைத்த லாரி, கூரைக்கு அடியில் ஓடும் கேபிள் தட்டு, இவை ஒன்றுமே கூடாது. ஒரு கொட்டகையில் வலையைக் கட்டிய அன்று அடியில் வெறும் தரைதான் இருந்தது. பத்து நாள் கழித்துப் போனால் இயந்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. ஒரு இயந்திரத்தின் மேல்முனை வலைக்கு இரண்டு முழம் கீழே நின்றது. கூரை வேலையை நிறுத்திவிட்டு இயந்திரத்தை நகர்த்தினோம். அன்று திட்டமிட்ட வேலை கெட்டது என்று எல்லோருக்கும் என்மேல் கோபம். அடியில் இருக்கும் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டு, "இங்கே எதுவும் வைக்காதே" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி வைப்பதை அதற்குப் பிறகு எல்லாத் தளத்திலும் செய்கிறேன்.

ஐந்தாம் படி: கட்டுவது

வலை கட்டுகிறவருக்கு வலை இல்லை. இதை மறந்துவிடுவதால்தான் அந்த வேலையிலேயே ஆள் விழுகிறார்கள். கொட்டகைக்குள் பூம் லிஃப்டிலோ (ஆளை மேலே தூக்கும் கை உள்ள வண்டி) சக்கரச் சாரத்திலோ நின்று அடியிலிருந்து கட்டச் சொல்லுங்கள். விளிம்பில் இரும்புக் கை பொருத்துகிறவர்கள் முழு உடல் ஹார்னஸ் அணிந்து, இரண்டு கொக்கிகளில் ஒன்றாவது எப்போதும் மாட்டியபடி, முன்னரே சோதித்த லைஃப்லைனில் இருக்க வேண்டும். கீழே அந்தப் பகுதியை அடைத்துவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் விரிக்க வேண்டாம். விரித்த வலை பாய்மரம் மாதிரி ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

கட்டும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது 6 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய 600 கிலோ எடையை அதில் தொங்கவிடுவதற்குச் சமம். எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். மேஸ்திரியின் கண்ணளவு போதாது. முற்றாத கான்கிரீட்டில் அடித்த ஆங்கர் போல்ட், சாரக் குழாய், கைப்பிடிக் கம்பி, மின்சாரக் குழாய், செங்கல் சுவரில் அடித்த ஆணி இவற்றில் எதிலும் கட்டக் கூடாது.

கட்டுக்கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பி கட்டுபவரின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருள் தொங்கும். கயிறு போதவில்லை என்றால் கை தானாக அதற்குத்தான் போகும். இரண்டு சுற்று சுற்றி முறுக்கினால் பார்க்க இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் அது கம்பிகளை இடம் மாறாமல் பிடித்து வைப்பதற்கான மெல்லிய, பதப்படுத்தி மென்மையாக்கிய கம்பி. திடீர் இழுவையில் முறுக்கு சுழன்று அவிழ்ந்துவிடும். அவிழாவிட்டால் ஓரக் கயிற்றை அறுக்கும். வலையில் ஒரு இடத்தில் கட்டுக்கம்பியைக் கண்டாலும் அந்த வலையின் எல்லாக் கட்டுகளையும் திரும்பப் பாருங்கள். ஒரு இடத்தில் செய்தவர் நான்கு இடத்திலாவது செய்திருப்பார். கட்டுவதற்கு வலையோடு வந்த கட்டுக்கயிறு அல்லது தானாகத் திறக்காத காரபைனர் கொக்கி மட்டுமே. கட்டு ஓரக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். வலைக்கண்ணைப் பிடித்தால் முதல் கண் கிழிந்து, அடுத்தது கிழிந்து, வரிசையாகப் பிரியும்.

கயிறு கூர்மையான இரும்பு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டிவிடுங்கள். மலிவான வழி, ஆனால் நிறையக் கயிறுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டு வலைகள் சேரும் இடம் அடுத்த பலவீனம். இணைப்புக் கயிற்றால் தைத்தால் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறப்பு இருக்கக் கூடாது. தைக்காமல் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் குறைந்தது 2 மீட்டர் மேற்படிய வேண்டும். வலைக்கும் சுவருக்கும் இடையிலும் அதே 10 சென்டிமீட்டர்தான் எல்லை. தூண் வரும் இடங்களில் வலையைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, அங்கே ஒரு ஆள் நுழையும் ஓட்டையை விட்டுவிடுவார்கள். நடந்து பார்த்தால் தெரியாது. கீழே போய்ப் படுத்துக்கொண்டு மேலே பாருங்கள். வானம் பெரிதாகத் தெரியும் இடமெல்லாம் ஓட்டை.

வலையை வீணைக் கம்பி மாதிரி இறுக்கியும் கட்டாதீர்கள், ஊஞ்சல் மாதிரி தொங்கவும் விடாதீர்கள். சிறிது தொய்வு வேண்டும். வெளியே நீளும் கைகளின் முனை உட்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால், விழுந்தவர் கட்டடப் பக்கம் உருண்டு வருவார்.

ஆறாம் படி: மணல் மூட்டைச் சோதனை

வலையைக் கட்டி முடித்த அன்று, யாரையும் மேலே வேலைக்கு அனுப்பும் முன், இதைச் செய்யுங்கள். அமெரிக்க விதியில் உள்ள முறை எளிமையானது, நம் தளத்திலும் செய்யக்கூடியது. சுமார் 30 அங்குல விட்டமுள்ள மூட்டையில் 400 பவுண்டு மணல், அதாவது சுமார் 180 கிலோ. வலைக்கு மேலே வேலை நடக்கும் மிக உயரமான மட்டத்திலிருந்து, அந்த மட்டத்துக்கும் 42 அங்குலம் உயரே தூக்கி விட வேண்டும். ஒரே இடத்தில் வலை இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், இடம் மாற்றினாலோ பெரிய பழுது பார்த்தாலோ உடனேயும் திரும்பச் செய்ய வேண்டும்.

நான் எம்-சாண்ட் நிரப்பிய கனமான சாக்குப் பையைக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி உருண்டையாக்கி வைத்துக்கொள்கிறேன். எடை போட்ட சீட்டை அதிலேயே கட்டிவிடுவேன். டவர் கிரேனில், தூரத்திலிருந்து இழுத்தால் திறக்கும் கொக்கியில் மாட்டித் தூக்குவோம். வலையின் அடியில் மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி, அதில் வரிசையாக ஈரக் களிமண் உருண்டைகளை ஒட்டி வைப்போம். மூட்டை வலையை எவ்வளவு தாழ்த்தியது என்பதை எந்த உருண்டை நசுங்கியது என்பது சொல்லிவிடும். கைப்பேசிக் காணொளியும் எடுக்கலாம், ஆனால் நசுங்கிய களிமண்ணோடு வாதாட யாராலும் முடியாது.

ஒரு முறை இப்படி விட்டபோது வலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் இருந்த ஓர் இரும்புக் கை மட்டும் தலை குனிவது போல மெதுவாக வளைந்தது. அதைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் இரண்டுக்கு நட்டு கையால் மட்டுமே திருகப்பட்டிருந்தது. அன்று மாலை அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு பேர் ஷட்டரிங் அடிக்க ஏறவிருந்தார்கள். சோதனையைப் பார்க்க அவர்களையும் நிறுத்தியிருந்தோம். ஒடிசாவிலிருந்து வந்திருந்த தச்சர் ஒருவர் எதுவும் பேசாமல் தன் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், மீதிக் கைகளின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே சரிபார்க்கத் தொடங்கினார். சோதனையைத் தொழிலாளர்கள் கண் முன்னால் செய்யுங்கள்.

ஆளை விட்டுக் குதிக்கச் சொல்லிச் சோதிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஏழாம் படி: வேலை நடக்கும் நாட்களில்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1930-களில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத் தளத்துக்கு அடியில் பெரிய வலையைக் கட்ட வைத்தார். அதில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். நரகத்துக்குப் பாதி வழி போய் வந்தவர்களின் சங்கம் என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று, பல டன் எடையுள்ள வேலை மேடை ஒன்று பிய்ந்து அதே வலையின்மேல் விழுந்தது. வலை கிழிந்து மேடையோடு கடலுக்குப் போனது. பத்துப் பேர் இறந்தார்கள். ஆளுக்காகக் கட்டிய வலை ஆளின் எடைக்கானது. அதற்கு மேலே ஷட்டரிங் தொகுதியையோ கம்பிக் கட்டையோ தூக்கும்போது, வலை தாங்கும் என்ற நினைப்பே இருக்கக் கூடாது.

வலையில் விழுந்த பொருளை அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு அது அங்கே இருக்கக் கூடாது. பலகைத் துண்டு, ஆணி, ஜாக்கி முள், குழாய்த் துண்டு எல்லாம் வலையின் பள்ளமான நடுவில்தான் வந்து சேரும். விழுகிற ஆளும் அங்கேதான் வந்து சேருவார். எடுக்கிறவர் வலையில் இறங்கி நடக்கக் கூடாது. பக்கத்திலிருந்து நீண்ட கொக்கியால் இழுக்கலாம், அல்லது அடியிலிருந்து மேடை வைத்துத் தள்ளி எடுக்கலாம்.

வெல்டிங்கும் கிரைண்டிங்கும் வலைக்கு எமன். பாலிபுரொப்பிலீன் சுமார் 165 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெல்டிங் பொறிக்கு அது ஒன்றுமே இல்லை. பொறி பட்ட இடம் ஓட்டையாகத் தெரியாது. நூலின் நுனியில் கடுகளவு கடினமான கறுப்பு மணி ஒன்று உருண்டிருக்கும், அவ்வளவுதான். விரலால் தடவினால்தான் தட்டுப்படும். வலைக்கு மேலே சூட்டு வேலை இருந்தால் தீப்பொறிப் போர்வையை இடையில் விரியுங்கள், வேலை முடிந்ததும் வலையைத் தடவிப் பாருங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட், சிந்திய சிமென்ட் பால், பெயின்ட் தின்னர் இவையும் அப்படியே. நைலான் வலைக்கு ஆசிட் ஆகவே ஆகாது. சிமென்ட் பால் முடிச்சில் இறுகிவிட்டால் அந்த முடிச்சு நெகிழாது, நெகிழாத முடிச்சு அறும்.

எட்டாம் படி: பார்வையிடுவது

வாரம் ஒரு முறை கட்டாயம். மழை, பலத்த காற்று, ஏதாவது விழுந்த பிறகு, சூட்டு வேலைக்குப் பிறகு என்றால் உடனே. தினமும் காலையில் மேஸ்திரி ஒரு சுற்று வர வேண்டும்.

பார்வையிடுகிறவர் வலையை மட்டும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். நான் கட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். போல்ட், இரும்புக் கை, கட்டுக்கயிறு, ஓரக் கயிறு, இணைப்பு, கடைசியாகத்தான் வலைக்கண். நூலின் நிறம் வெளுத்து, தடவினால் கையில் பொடியாக ஒட்டினால் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று பொருள். நம் ஊர் வெயிலுக்கு வலை சீக்கிரம் வயதாகும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை சோதனைத் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவதைத் தள்ளிப் போடாதீர்கள். கிழிந்த கண்ணைக் கடையில் வாங்கிய நைலான் நூலால் தைக்கக் கூடாது. பின்னத் தெரிந்த கை நம் கடற்கரையில் நிறைய உண்டு. ஆனால் இங்கே வேண்டியது அதே நூல், அதே முடிச்சு, தயாரிப்பாளரின் ஒப்புதல். அது இல்லையென்றால் அந்த வலையை இறக்கிவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் என்ற செய்தி வந்ததும், வெளியே நீளும் வலைகளைச் சுருட்டி இறக்குங்கள். சிறிய கண் வலை நனைந்து காற்றைப் பிடித்தால் இரும்புக் கையையே பிடுங்கிவிடும். வலை இறங்கியிருக்கும் நாளில் விளிம்பில் வேலையும் இல்லை.

ஒன்பதாம் படி: ஆள் விழுந்துவிட்டால்

வலை ஏந்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கைதட்டுவார்கள். விழுந்தவர் எழுந்து நடக்க முயல்வார். அதைத் தடுங்கள். "அசையாமல் படுத்திருங்கள், வருகிறோம்" என்று ஒருவர் மட்டும் அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வேலையை நிறுத்துங்கள். அவரை எடுக்க இன்னொருவர் வலையில் குதிக்கக் கூடாது. பூம் லிஃப்டையோ சாரத்தையோ அடியில் கொண்டு வந்து, கழுத்தும் முதுகும் வளையாமல் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுங்கள். 108-ஐ முதல் நிமிடத்திலேயே கூப்பிடுங்கள். பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இதற்கான வண்டியும் பாதையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பூம் லிஃப்ட் தளத்தின் மறுமூலையில் மணல் குவியலுக்குப் பின்னால் நின்றால், வலையில் கிடப்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். மாதம் ஒரு முறை மனித எடையுள்ள பொம்மையை வலையில் போட்டு, எத்தனை நிமிடத்தில் கீழே இறக்குகிறோம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் ஒத்திகையில் எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. நான்காவது ஒத்திகையில் 11 நிமிடம்.

"ஒன்றும் இல்லை சார், நன்றாக இருக்கிறேன்" என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அன்றைய கூலியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வலியை மறைப்பார்கள். கூலி போகாது என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள். ஆள் விழுந்த வலையை அன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டுகளும் ஆங்கர்களும் பொறியாளர் பார்த்த பிறகே திரும்பப் பயன்படும்.

பத்தாம் படி: கழற்றுவதும் வைப்பதும்

கழற்றும்போது கட்டியதற்கு நேர் எதிர் வரிசை. மேலே வேலை முழுதாக முடிந்துவிட்டது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு கட்டையும் அவிழ்க்காதீர்கள். மின்வேலைக்காரரோ பெயின்டரோ அடுத்த நாள் அதே விளிம்புக்குப் போவார். அவருக்கு வலை இல்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஈரமாகச் சுருட்டி வைக்காதீர்கள். நிழலில் உலர்த்தி, சிமென்ட் மூட்டையும் பெயின்ட் டின்னும் இல்லாத அறையில், தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். எலி ஒரே இரவில் வலையைக் கெடுத்துவிடும். மடித்த கட்டுக்குள் அது கடித்ததைப் பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வலைக்கும் ஒரு அட்டை: எண், வாங்கிய நாள், கட்டிய இடங்கள், சோதனை நாட்கள், ஆள் அல்லது கனப்பொருள் விழுந்திருந்தால் அதுவும்.

கழிக்க வேண்டிய வலையை அப்படியே பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். எங்கள் தளத்தில் கழித்துப் போட்ட ஒரு வலையை, ஓரத்தில் நான் போட்ட சிவப்புப் பெயின்ட் கோட்டோடு, இரண்டு தெரு தள்ளி நான்கு மாடி வீடு கட்டும் இடத்தில் பார்த்தேன். அதன் அடியில் நின்று இரண்டு சித்தாள்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, கழித்த வலை வாசலைத் தாண்டும் முன் ஓரக் கயிற்றை எல்லாப் பக்கமும் அறுத்து, வலையை ஒரு முழத் துண்டுகளாக வெட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன்.